முழங்கால் மடங்கிய ஞாயிற்றுக்கிழமை

பட்டாசு ஆலையில் என் மனைவி வேலை பார்த்த அறைக்கு நான்கு பக்கமும் கதவு உண்டு. ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வேலை நடக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது. வாசலில் எதையும் வைக்கக் கூடாது, கழற்றிய செருப்பைக்கூட. இவை எழுதி ஒட்டப்பட்ட விதிகள். எழுதாத விதி ஒன்றை அந்த ஆலையின் போர்மேன் தனியாக வைத்திருந்தார். தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் கையை ஊன்றாமல் எழுந்து, திரும்பி, தன் பக்கத்துக் கதவு வழியே ஓட முடிய வேண்டும். முடியாதவருக்கு அறையில் இடம் கிடையாது. பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிறவர்களையும் காய்ச்சலில் கிடந்து வருகிறவர்களையும் முதல் நாள் காலையில் உட்காரவைத்து, எழுந்து ஓடிக் காட்டச் சொல்வார். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு, சிரித்தபடியே ஓடிக் காட்டுவார்கள்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த அறைக்குத் திரும்பிப் போக முடியுமா என்பது ஒன்றுதான் எங்கள் வீட்டில் நெடுநாள் கேள்வியாக இருந்தது. "பேர் போடாம எழுதுறதா இருந்தா எழுதுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். மெஷினை விட்டு வெளியே வரும் தாளில் நான்கு வண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பு எழுதுவேன். வெயில் எப்படி இருந்தது, எந்த ஆர்டர் ஓடியது, யார் வந்து போனார்கள். கரண்டு போனதைக்கூட எழுதிவைக்கிற மனுசன் என்று அவள் என்னைக் கேலி செய்வாள். தரைச்சக்கரம் சுற்றுவதில் அவளுடைய கை வேகம் அந்த ஆலையில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்து வந்த வேலை. அந்த அறையில் அவளோடு உட்காரும் மூன்று பெண்களும் அவளுக்குச் சொந்தக்காரர்களைவிட நெருக்கம்.

சீசன் வேலை மும்முரமாக இருந்த ஒரு காலையில், ஆலைக்கு வெளியே தார்ச்சாலையில் போன லாரியின் டயர் வெடித்தது. சத்தம் கேட்டதும் எல்லா அறைகளிலிருந்தும் எல்லாரும் ஓடினார்கள். என் மனைவியும் கதவு வழியாகக் குதித்தாள். மழையில் குழைந்து பிறகு காய்ந்து இறுகிப்போன ஒரு வண்டித் தடத்துக்குள் அவளுடைய இடது பாதம் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே ஏதோ 'டப்' என்று விட்டது தனக்கு மட்டும் கேட்டதாகச் சொன்னாள். டயர்தான் என்று தெரிந்ததும் வேப்பமரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தரையில் கிடந்தபடியே அவளும் சிரித்திருக்கிறாள். எழுந்து நிற்கப் பார்த்தபோதுதான் கால் நிற்கவில்லை. அந்த மூன்று பெண்களும் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். அவர்களில் மூத்தவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "டயருக்குப் பயந்து கால ஒடிச்சவ நம்ம அறையிலதான் இருக்கான்னு ஊரே பேசும்த்தா" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தாளாம்.

விருதுநகரில் ஸ்கேன் எடுத்தோம். முழங்கால் மூட்டுக்கு உள்ளே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்துக் கட்டியிருக்கும் ஜவ்வு முழுவதும் அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்து புது ஜவ்வு வைத்தால்தான் திரும்பி ஓட முடியும் என்றார்கள். அங்கே எங்களைப் பார்த்த டாக்டர் இளைஞர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். பிளாஸ்டிக் எலும்பு ஒன்றைக் கையில் எடுத்து, அவசரமில்லாமல் விளக்கினார். தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, மடித்து, கயிறுபோல ஆக்குவார்கள். கீழ் எலும்பில் ஒரு துளை, மேல் எலும்பில் ஒரு துளை போட்டு, அந்தக் கயிற்றை இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டுவார்கள். எல்லாமே சின்னச் சின்ன ஓட்டை வழியாக, கேமரா விட்டு, டிவியில் பார்த்தபடி. இதில் எது கஷ்டமான வேலை என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னார். தொடை எலும்பில் துளை போடும் இடம்.

என் மனைவி அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள், இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று. அவர் முகம் லேசாகச் சிவந்தது. ஆனால் மழுப்பவில்லை.

"பெரிய டாக்டர் கூட நின்னு நிறையப் பண்ணியிருக்கேன்மா. தனியா இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். மதுரைக்குப் போறதா இருந்தாலும் சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசினோம். மதுரைக்கே போகலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "கேட்டதுக்கு மறைக்காமச் சொன்னாருல்ல. அந்தத் தம்பியே பண்ணட்டும்" என்றாள். அந்தக் காரணத்தை இப்போதும் என்னால் தவறு என்று சொல்ல முடியவில்லை. அது என்னை ரொம்பவும் கஷ்டப்படுத்துகிறது.

ஆபரேஷன் அன்று பக்கத்து மண்டிகளிலிருந்து மிளகாய் வத்தல் நெடி காற்றில் வந்துகொண்டிருந்தது. வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தோம். டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றி, நன்றாக நடந்தது என்றார். அவர் கண்ணில் களைப்பும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. நன்றாக நடந்ததாகத்தான் அவரும் நம்பினார்.

பிறகு பயிற்சி ஆரம்பமாயிற்று. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் காலை நீட்ட வேண்டும், பாயில் படுத்துக் குதிகாலை இழுத்து இழுத்து மடக்க வேண்டும். சொன்னதில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. கால் நன்றாக நீண்டது. கைத்தடியை விட்டாள், தெருமுனை வரை நடந்தாள். ஆனால் மடங்கவில்லை. நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கும், அதற்கு மேல் உள்ளே கட்டை கொடுத்ததுபோல நின்றுவிடும். பயிற்சி கொடுத்த பெண் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பொறுமையாகத்தான் வரும் என்றாள். டாக்டரும் அதையே சொன்னார், தரையில் உட்காருவதைப் பற்றி இப்போது நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஊரில் அது சாதாரண வார்த்தை. எங்கள் பக்கத்தில் அறைக்குள் நாற்காலி கிடையாது. போர்மேன் ஒருநாள் பார்க்க வந்தார். "உக்காந்து எந்திரிச்சு ஓடிக் காமி தாயி, அன்னைக்கே உன் எடம் உனக்கு" என்றார். அவள் இடத்தில் வேறு ஒருத்தியை உட்காரவைத்திருப்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் தூக்கத்திலும் காலை மடக்கப் பார்த்தாள்.

அந்த மூன்று பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள், உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டார்கள். ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு, ரொம்ப நேரம் நீவினார்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார்கள். பாதி இறங்கியதும் வழக்கம்போல நின்றது. மூத்தவள் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள், மற்ற இரண்டு பேரும் இடுப்பைத் தாங்கிக்கொண்டார்கள். "மூச்ச விடு மதினி. பயப்படாத. நாங்க விட்டுருவமா?" என்றாள் ஒருத்தி. ஆலையில் பட்டாசு மருந்தைக் கையாளும் கைகள் அவை. முரட்டுத்தனம் கொஞ்சம்கூட இல்லை. கனத்தைச் சிறிது சிறிதாக அவள் மேல் இறக்கினார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முகம் சட்டென்று மாறியது. உட்கார்ந்துவிட்டாள். குதிகால் தொடையைத் தொட்டது. பல மாதங்களாக முட்டிக்கொண்டு நின்ற ஏதோ ஒன்று வழிவிட்டதுபோல, முழுவதும் மடங்கி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. விட்டுக் குடுத்துருச்சு" என்றாள். கண்ணில் தண்ணீர்.

மூன்று பேரும் கையைத் தட்டினார்கள். "டாக்டரு எம்புட்டுப் படிச்சிருந்தா என்ன, நம்ம கைக்குத்தான மடங்குச்சு" என்று மூத்தவள் சொன்னாள். ஒருத்தி கடைக்குப் போய் சேவும் சீரணி மிட்டாயும் வாங்கிவந்தாள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். என் மனைவியும் தரையில் உட்கார்ந்து தின்றாள். அன்றைய நாட்குறிப்பில் 'மடங்கியது' என்று ஒரே சொல்தான் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் முழங்கால் வீங்கியது. நீவியதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். சில நாளில் வடிந்தது.

வீக்கம் வடிந்த மறுவாரம் ஆலைக்குப் போனோம். ஆலை ஆட்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது என்பதால் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை அவள்தான் சொன்னாள். அவளுடைய பழைய இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். போர்மேன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஓடச் சொன்னார். கதவுப் பக்கம் திரும்பினாள். தொடை திரும்பியது, அதற்குக் கீழே இருந்தது திரும்பவில்லை. முழங்கால் தனியாகக் கழன்று போனதுபோல நழுவி, வாசற்படியின் குறுக்கே விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. போர்மேன் தானே குனிந்து தூக்கிவிட்டிருக்கிறார். திட்டவும் இல்லை. "உனக்குப் பின்னாடி மூணு பேரு இருக்காக தாயி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விழுந்த இடத்தில் கிடந்தபோதே, அந்த வாசலை மறித்துக்கொண்டு கிடக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் வயதானவர். படங்களை விளக்குப் பலகையில் மாட்டி, பென்சில் முனையால் காட்டினார். தொடை எலும்பில் போட்ட துளை கொஞ்சம் முன்னால் இருக்கிறது என்றார். எவ்வளவு முன்னால் என்று கேட்டேன். சில மில்லிமீட்டர்தான் என்றார். அச்சகத்தில் அதைவிட எவ்வளவோ குறைவான விலகலுக்கு மெஷினை நிறுத்தி, அதுவரை ஓடிய தாளைக் கழிவில் போட்டு, வேறு தாளில் மறுபடி ஓட்டுவோம். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் என் மனைவி, ஏன் அப்படிப் போட்டார் என்று கேட்டாள்.

"கேமரா வழியா உள்ள பாத்தா எலும்புல ஒரு மேடு தெரியும்மா. புதுசாப் பண்றவங்களுக்கு அதுதான் பின்பக்க விளிம்புன்னு தோணும். நிஜமான விளிம்பு அதுக்கும் பின்னால இருக்கு. அது தெரியாம அந்த மேட்டுக்கு முன்னாடியே ஓட்டையப் போட்டுருவாங்க. எங்களுக்கும் முதல்ல அப்பிடித்தான் தெரிஞ்சது."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. யாராவது ஒருவர் மேல் கோபப்பட முடிந்தால் தேவலை என்று இருந்தது.

முன்னால் துளை போட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் சொன்னார். காலை மடக்க மடக்க அந்தக் கயிறு இழுத்துப் பிடிக்கும். அதனால் ஓரளவுக்கு மேல் மடங்காது. விடாமல் மடக்கினால் கயிறு அறுந்துவிடும். அறுந்தபின் கால் சுலபமாக மடங்கும். இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைக்கு முழுசா மடங்குச்சு?"

எண்ணெய் வாசமும், சேவும் சீரணியும், கைதட்டலும் கண் முன்னால் வந்து நின்றன. நான் பேச வாயெடுப்பதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"அது தானா மடங்குச்சுங்க."

சரிசெய்ய வழி உண்டு என்றார் டாக்டர். பழைய துளையை எலும்பு வைத்து அடைக்க வேண்டும். அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு நல்ல காலிலிருந்து நாரை எடுத்து மறுபடி கட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுந்து ஓடுவதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். இன்னொரு காலையும் கொடுக்க மாட்டேன் என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அவளுக கிட்டச் சொல்லிராதீக" என்றாள். "செஞ்ச கை அவளுக கைன்னு தெரிஞ்சா செத்துருவாளுக."

ஆனால் விருதுநகர் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். சண்டை போடவா என்று கேட்டேன். இல்லை, அந்தத் தம்பிக்குத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்கும் இப்படியே செய்துவிடுவார் என்றாள்.

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். மதுரை டாக்டர் சொன்னதை நான் சொன்னபோது குறுக்கே பேசவில்லை. "அங்க ஒரு மேடு இருக்கும்னு படிச்சிருக்கேன்மா. அன்னைக்குப் பாத்தப்ப இதுதான் கடைசின்னு நெனச்சேன்" என்றார். பெரிய டாக்டரை வரவழைத்துத் தானே கூட நின்று மறுபடி செய்வதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். கிளம்பும்போது கதவருகே நின்றாள்.

"அடுத்த ஆளுக்கு இன்னுங் கொஞ்சம் பின்னால பாருங்க தம்பி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே பெஞ்சில் ஒருவர் முழங்காலில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சாக்கோடு வழுக்கி விழுந்ததாகவும், இங்கேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதாகவும் சொன்னார். அவள் தாங்கித் தாங்கி நடந்து வருவதைப் பார்த்தவர், டாக்டர் நன்றாகச் செய்வாரா என்று என்னிடம் கேட்டார். அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"இனி நல்லாப் பண்ணுவாருண்ணே."

அவர் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அந்த மனிதரின் கால் அதற்கு ஆதாரமாக ஆகலாம், ஆகாமலும் போகலாம். அவரிடம் மதுரைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். இன்றுவரை முடிவுக்கு வரமுடியவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இடது காலை வைத்து, வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து இறங்கினாள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கால் விஷயத்தில் அவள் துக்கப்பட்டு அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

போர்மேன் பெட்டி ஒட்டும் பகுதியில் இடம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அங்கேயும் தரையில்தான் உட்கார வேண்டும், அங்கேயும் கதவு உண்டு. அவள் போகவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து நான் கொண்டுவரும் கவர்களை மடித்துக் கொடுக்கிறாள். சக்கரம் சுற்றிய விரல்களுக்கு அந்த வேலை போதவில்லை. சீக்கிரமே முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த மூன்று பேரும் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். அவள் நாற்காலியில், அவர்கள் தரையில். பெட்டி ஒட்டவாவது ஏன் வரவில்லை என்று கேட்கும்போதெல்லாம், வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் பேச்சு வாங்குவது நான்தான். போன வாரமும் மூத்தவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, என்னைப் பார்த்துக் கழுத்தை வெட்டினாள்.

"பொண்டாட்டிய வீட்டுக்குள்ளயே பொத்தி வச்சுக்கோங்க. பாதிக் காலு நாங்க சரி பண்ணியாச்சு. மீதிய எங்கள நம்பி விட மாட்டேங்கீகளே."

என் மனைவி கவரை மடித்தபடியே இருந்தாள். மூத்தவள் கீழே உட்கார்ந்து அவளுடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, பூப்போல மடக்கினாள். எங்கும் நிற்காமல் மடங்கியது. நீட்டி, மறுபடி மடக்கினாள்.

"பாருங்கண்ணே, எப்பிடி மடங்குதுன்னு" என்றாள்.

"ஆமா" என்றேன்.